கல்வீட்டு ஊருக்குக் கொண்டுபோன உப்பு

கொஞ்சம் தள்ளி உட்காரு, மக்கா. இந்தப் பை என் மடியிலேயே இருக்கட்டும். பாரமில்லை, உப்புதான். பிள்ளை தூங்குதா? தூங்கட்டும். பிள்ளைக்குத் தவிட்டு நிற நேர்ச்சைச் சட்டை போட்டிருக்கியே, அந்தோணியார் கோயிலுக்குத்தானே? செவ்வாய்க்கிழமை இந்த பஸ்ஸில் பிள்ளையோடு ஏறுகிறவர்கள் வேறெங்கே போவார்கள். கொடுத்து வாங்கவா?

பார்த்தியா, நீ சொல்கிறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிந்துவிட்டது. பிள்ளைக்கு என்ன, காய்ச்சலா? வலிப்பா. சரியாகிவிடும், பயப்படாதே. பீடத்துப் படியில் கிடத்தி, 'இது உம்ம பிள்ளை, ஐயா' என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடணும். பிறகு தாய்மாமன் போய் ஒரு கை உப்பைப் படியில் போட்டு, 'இதை நான் வாங்கிக்கிட்டேன்' என்று தூக்கிக்கொண்டு வரணும். எங்கள் கோயிலில் அதுதான் முறை. உனக்கு அண்ணன் தம்பி உண்டா? நேரே கோயிலுக்கு வந்துவிடுவானா? ஒரு போன் போட்டுப் பாரேன். எடுக்கலியா. வண்டி ஓட்டிக்கிட்டு இருப்பான். எதற்கும் கொஞ்சம் கழித்து இன்னொரு தடவை போடு.

இந்தக் கிழவி ஏன் இப்படித் துருவுகிறாள் என்று நினைப்பாய். காரணம் இருக்கு. கோயில் ஸ்டாப் வர இன்னும் நேரமாகும், சொல்லுகிறேன் கேள். என் பேர் இஞ்ஞாசியம்மாள். உப்பளத்து வேலை. பார்த்தால் தெரியாது, நான் இத்தாலி போய்விட்டு வந்தவள். சிரிக்காதே. மெய்யாகத்தான். ரோமாபுரியெல்லாம் பார்க்கவில்லை. அல்பெரோபெல்லோ என்று ஒரு ஊர், வீடெல்லாம் கல்லை அடுக்கிக் கட்டினது. அந்தப் பேர் என் நாக்கில் ஏற எத்தனை பாடு. என் மகள் சிந்தா அந்த ஊர்க் கன்னியர் மடத்தில்தான் இருக்கிறாள். ஜெசிந்தா என்று பேர் வைத்தது, சிந்தா ஆகிவிட்டது.

அவள் நித்திய வார்த்தைப்பாடு கொடுக்கிறாள் என்று மடத்திலிருந்து டிக்கெட் அனுப்பிக் கூப்பிட்டார்கள். நீங்கள் எந்தச் சபை, மக்கா? நம்ம கோயில்தானா? அப்போ உனக்கே தெரியும். அதுவரைக்கும் கொடுக்கிறது சின்ன வாக்கு. வேண்டாமென்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம். இது கொடுத்தால் முடிந்தது. சாகிற வரைக்கும் மடம்தான். அதனால் நான் ஒரு வாரம் முந்தியே வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். வார்த்தைப்பாடு பார்க்கவா போனேன்? என் பிள்ளையைத் திரும்ப வாங்கப் போனேன்.

பெட்டியில் முறுக்கு, கருவாட்டுப்பொடி, அப்புறம் ஒரு மஞ்சள் பையில் உப்பு. என் மகன் ரெக்ஸன் பார்த்துவிட்டுச் சிரித்தான். "ஏம்மா, இத்தாலியில உப்பு இல்லியா? பிளேன்ல போதைப்பொடின்னு நினைச்சுப் பிடிச்சு உள்ள வச்சிருவாங்க." அவனுக்கு எல்லாம் விளையாட்டு. ஏர்போர்ட் வரைக்கும் வருகிறேன் என்றுதான் இருந்தான், பாவம், கடைசி நேரம் வேலை வந்துவிட்டது. அது கடை உப்பு இல்லை, மக்கா. என் பாத்தியில் நான் வாரின உப்பு. அதை என் அண்ணன் தொபியாஸ் தன் கையால் அள்ளி முடிந்து கொடுத்தான். "இது அன்னைக்கே போட்டிருக்க வேண்டிய உப்பு, இஞ்ஞாசி" என்றான். இப்போ சொல்லி என்ன செய்ய. அன்றைக்கு வராதவன்தானே.

என்றைக்கா? ரெக்ஸன் கைப்பிள்ளையாக இருந்தபோது. மூளைக்காய்ச்சல். பெரியாஸ்பத்திரியில் மூக்கில் குழாய், கையில் குழாய். அவனைக் கொடுத்து வாங்குகிறதாக நேர்ந்துகொண்டேன். ஆனால் பிள்ளையை வெளியே விட்டால்தானே கோயிலுக்குக் கொண்டு வர? அப்போதுதான் எவளோ சொன்னாள், அவனுக்குப் பதிலா அவன் அக்காளைக் கொண்டு வை, ரத்தம் ஒண்ணுதானே என்று. யார் சொன்னாள் என்று ஞாபகமில்லை. நானேகூட நினைத்திருப்பேன். சிந்தாவுக்கு அப்போ முன்பல் விழுந்த வயசு. போ என்றால் போகும், இரு என்றால் இருக்கும், அப்படி ஒரு பிள்ளை. படியில் உட்கார வைத்து, "இரு மக்கா, மாமா வந்து தூக்கிக்கிடுவாங்க" என்றேன். "உப்போடயா?" என்று கேட்டாள். "ஆமா, உப்போட." அவ்வளவுதான். திரும்பிப் பார்க்காமல் வந்தேன். முறை அப்படி. அப்படியே ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

அண்ணன் வரவில்லை. ரெக்ஸன் ஞானஸ்நானத்துக்கு என் வீட்டுக்காரர் தன் தம்பியை ஞானத்தகப்பனாக நிறுத்திவிட்டார், அந்தக் கோபம். "ஞானத்தகப்பனுக்கு ஆகாதவன் உப்புப் போட மட்டும் வேணுமாக்கும்" என்று ஆள் மூலம் சொல்லி விட்டிருக்கான். எனக்கு அது தெரியாது. விளக்கு வைக்கிற நேரம், கோயிலைப் பார்த்துக்கொள்கிற உபதேசியார் பெஞ்சாதிதான் சிந்தாவைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து வீட்டில் விட்டாள். வாங்காமலே கூட்டிவந்தாள். ஆனால் ஒன்று சொல்லணும், பொய் சொல்லக்கூடாது. அன்று சாயங்காலமே ரெக்ஸன் கண்ணைத் திறந்தான். அந்தோணியார் செய்த புதுமை அது.

அண்ணனா? அவன் மறுவருஷமே சமாதானமாகி வந்தான். "வா, பிள்ளையை வாங்கிருவோம்" என்று உப்போடு வந்து வாசலில் நின்றான். நான்தான் இப்போ வேண்டாம் என்றேன். கொடுத்த பிறகுதானே ரெக்ஸனுக்குச் சுகமாச்சு? திருப்பி வாங்கினால் இவனுக்கு ஏதும் வந்துவிட்டால்? அவன் கொஞ்சம் வளரட்டும், பள்ளிக்கூடம் போகட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தது. எந்தத் தாயும் அப்படித்தானே நினைப்பாள்? எல்லாத்துக்கும் அண்ணன்தான் காரணம். அன்றைக்கே வந்து ஒரு கை உப்பைப் போட்டிருந்தால் இவ்வளவு இழுத்திருக்காது.

சிந்தா அதை ஒருநாளும் ஒரு குறையாகச் சொன்னதில்லை. தெருவில் பிள்ளைகள் 'உப்புக்குப் பெறாதவ' என்று கேலி செய்யும். பிள்ளைகள் என்றால் அப்படித்தான். வீட்டில் ஒரு முட்டை இருந்தால் ரெக்ஸன் தட்டுக்குப் போகும், அவள் கேட்கவே மாட்டாள். அந்தோணியார் பிள்ளையாச்சே. பத்தாவது முடிந்ததும் மடத்துச் சிஸ்டர்கள் வந்து கேட்டார்கள். நான் அவளைத்தான் கேட்டேன், "போறியா?" என்று. "நான் இங்க யாரு பிள்ளை, போறதுக்கு?" என்றாள். பக்தியான பேச்சு என்று நான் ஊரெல்லாம் சொல்லிச் சந்தோஷப்பட்டேன்.

இப்போ ரெக்ஸனுக்குக் கல்யாணம் ஆகி ஓசூரில் இருக்கான். இனி அவனுக்கு ஒன்றும் வராது, ஆளாகிவிட்டான். எங்க வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். உப்பளத்து வெளிச்சம் என் கண்ணைத் தின்றுவிட்டது, மக்கா. உன் முகமே எனக்குப் புகை படிந்த மாதிரித்தான் தெரியுது. ரெக்ஸன் வீடு சின்னது, அவன் மாமியாரும் அங்கேதான் இருக்காள். அவன்தான் யோசனை சொன்னான். "அக்காவைக் கூட்டிக்கிட்டு வந்துருங்கம்மா, உங்களுக்கும் ஒரு ஆள் ஆச்சு." என் மேல் அவனுக்கு அவ்வளவு அக்கறை.

அந்த ஊரைப் பற்றிச் சொல்லாமல் என்னென்னவோ சொல்லுகிறேன் பார். சிந்தா வந்து என்னைக் கூட்டிப்போனாள். ஒரு மேட்டில் ஏறித் திரும்பினால், மக்கா, நான் அப்படியே நின்றுவிட்டேன். அத்தனை வீடும் உப்பு அம்பாரம். மழைக்காலத்துக்கு முன்னே உப்பைக் குவித்துக் கீற்றுப் போட்டு மூடி வைப்போமே, அதே மாதிரி. கீழே சுவர் வெள்ளைவெளேர் என்று. மேலே கூம்பாகக் கறுத்த கல். ஒன்றை ஒட்டி ஒன்று, மலைச்சரிவு முழுக்க. சில கூரையில் சுண்ணாம்பால் சிலுவை, இருதயம் எல்லாம் எழுதியிருக்கு.

"என்ன சிந்தா, அம்பாரம் மாதிரி?" என்றேன்.

"எனக்கும் அப்படித்தான் தோணிச்சு, யம்மா. வந்த புதுசுல காலையில முழிச்சு ஜன்னலைப் பாத்தா, உப்பளத்துலதான் இருக்கேன்னு நினைச்சிருவேன்."

"அழுதியா?"

"அதெல்லாம் முடிஞ்சு போச்சு, யம்மா. பாத்து வா, கல்லு வழுக்கும்."

ஊர் பார்க்க வருகிற வெள்ளைக்காரக் கூட்டம் வீட்டு வாசலில் நின்று நின்று போட்டோ எடுக்குது. அவள் ஒரு வீட்டுக்குள் கூட்டிப்போய் அண்ணாந்து பார்க்கச் சொன்னாள். சாந்து கிடையாது, சிமெண்டு கிடையாது. கல்லின்மேல் கல், வட்டம் வட்டமாகச் சுருங்கி மேலே போய் முடியுது. அந்தக் காலத்தில் வரி கேட்டு ராஜா ஆள் வந்தால் உச்சிக்கல்லை உருவிவிட்டு வீட்டைச் சரித்துவிடுவார்களாம். 'வீடே இல்லை, எதுக்கு வரி?' என்பார்களாம். ஆள் போன பிறகு திரும்ப அடுக்கிக்கொள்வார்களாம். அப்படி ஒரு கதை இங்கே சொல்லுவாங்க என்றாள். எனக்கு நெஞ்சில் ஒரு தெம்பு வந்தது. வீட்டையே பிரித்துக் கட்டுகிற ஊரில் ஒரு வாக்கைப் பிரிக்க முடியாதா?

மடத்தில் வயசானவர்களை வைத்துப் பார்க்கிறார்கள். நுன்சியா என்று ஒரு கிழவி. பெற்ற மகள் வந்து நின்றாலும் யார் என்று கேட்கிறவள், சிந்தாவை மட்டும் தன் மகள் என்று பிடித்துக்கொண்டிருக்கிறாள். சிந்தா ஊட்டினால்தான் வாயைத் திறப்பாள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன், பெற்றவள். இவள் அந்தக் கிழவிக்கு வாயைத் துடைத்து, தலையைச் சீவி, காலில் உறை மாட்டி... கிழவி பதிலுக்கு என்ன செய்வாள் தெரியுமா? தன் ரொட்டியில் பாதியைப் பிட்டு ஒளித்து வைத்திருந்து இவள் வாயில் திணிப்பாள். சாப்பிடும் வரைக்கும் விடமாட்டாள். சிந்தா அப்படியே வாயைத் திறந்து வாங்கிக்கொள்கிறாள். எனக்கு ஒருமாதிரி ஆகிவிட்டது. எச்சில் ரொட்டி, மக்கா.

"என் கண்ணும் தெரியலை, சிந்தா" என்றேன் அவளிடம். "டாக்டரைப் பாத்தியா, யம்மா? சொட்டு மருந்து விடுதியா?" என்று நல்லாத்தான் கேட்டாள். எல்லாரையும் கேட்கிற மாதிரி.

அந்த ஊரிலும் அந்தோணியார் கோயில் இருக்கு. சொன்னால் நம்பமாட்டாய், அந்தக் கோயிலும் அதே கூம்புக் கூரைதான். உள்ளே நம்ம அந்தோணியாரே, கையில் பிள்ளையோடு. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இவர் எங்கே போனாலும் பிள்ளையை விடமாட்டார் என்று நினைத்துக்கொண்டேன். மஞ்சள் பையை எடுத்து வெளியே வைத்தேன்.

"என்ன யம்மா இது?"

"உப்பு. உங்க மாமா கை தொட்டுக் கொடுத்த உப்பு. படியில போட்டு உன்னை வாங்கிக்கிடுதேன். அவன் வர முடியாது, அவன் கை பட்டாப் போதும்னு நம்ம கோயில் சாமியார்கிட்டயே கேட்டுட்டு வந்துட்டேன். நீ ஊருக்கு வந்துரு, மக்கா. ரெக்ஸனும் கூட்டிட்டு வரத்தான் சொன்னான்."

அவள் என் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்து கோயில் படியில் உட்கார வைத்துத் தானும் உட்கார்ந்தாள். முடிச்சை அவிழ்த்து உப்பைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"யம்மா, அன்னைக்கு நீ எங்க வேலை பாத்த?"

"இது என்ன கேள்வி. உப்பளத்துலதான்."

"அன்னைக்குக் காலையில?"

"உப்பளத்துலயிருந்து நேராத்தானே உன்னைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனேன். பாவாடையெல்லாம் உப்புன்னு நீ தட்டி விட்டியே."

"ஆமா, தட்டி விட்டேன்" என்றாள். "நான் சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருந்தேன், யம்மா. யாராவது உள்ள வந்தாக் கையைப் பாப்பேன், உப்பு இருக்கான்னு. இருக்கும். அடுத்த பிள்ளையைத் தூக்கிட்டுப் போவாங்க. ஒரு அக்கா என்னையும் பாத்துட்டு, இது யாரு பிள்ளைன்னு கேட்டாங்க. எனக்குச் சொல்லத் தெரியலை." உப்பை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். "ஒரு கை உப்புதானே. நீயே போட்டுத் தூக்கியிருக்கலாமே, யம்மா."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள். உள்ளதைத்தானே சொல்ல முடியும்? "அது முறை இல்லியே, மக்கா. தாய்மாமன்தானே போடணும்" என்றேன்.

அவள் சிரித்தாள். "சரி, யம்மா" என்றாள். முடிச்சைத் திரும்பக் கட்டினாள். "நல்ல உப்பு. அடுக்களைக்கு ஆகும்" என்று எடுத்துக்கொண்டாள்.

நான் விடவில்லை. அந்த வாரம் முழுக்கச் சொல்லிப் பார்த்தேன். வீட்டையே பிரித்து அடுக்குகிற ஊர் என்று நீதானே சொன்னே என்றேன். "அது வரிக்குப் பயந்து பிரிச்சது, யம்மா. நான் யாருக்குப் பயப்படணும்?" என்றாள். அழுது பார்த்தேன். என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள், ஆனால் அவள் கண்ணில் தண்ணி இல்லை. கல்மனசு என்று சொல்லிவிட்டேன், வாய் தவறி. அதற்கும் "சரி, யம்மா"தான்.

முந்தின நாள் அவளே வந்து ஒன்று கேட்டாள். "பெத்தவங்க கையைப் பிடிச்சுப் பீடத்துக்குக் கூட்டிட்டுப் போறது நம்ம ஊர் வழக்கம். இங்க இல்லை. நான் கேட்டு வாங்கிட்டேன். நீ கூட்டிட்டுப் போவியா?" பிள்ளை கேட்டால் முடியாது என்று சொல்வேனா? பட்டுச்சேலை கட்டி, அவள் கையைப் பிடித்து, அந்தக் கோயில் நடுவில் நடந்தேன். எனக்குக் கண் தெரியாது என்று அவள்தான் என்னை நடத்தினாள், பார்க்கிறவர்களுக்கு நான் அவளைக் கூட்டிப்போகிற மாதிரி. படி வந்ததும் கையை விட்டேன். விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். அப்புறம்தான் யோசித்தேன், இதற்குத் திரும்பிப் பார்க்கலாமே, இதில் அந்த முறை கிடையாதே என்று. அதற்குள் அவள் குப்புறப் படுத்துவிட்டாள்.

ஆமாம், தரையில் குப்புறப் படுப்பார்கள், புனிதர் பேரெல்லாம் சொல்லிப் பிரார்த்தனை பாடி முடிகிற வரைக்கும். வெறும் கல் தரை. கோயில் முழுக்க ஒரு சத்தமில்லை, பாட்டு மட்டும்தான். அப்போ அந்த நுன்சியாக் கிழவி, சக்கர நாற்காலியில் முன்னாடி வைத்திருந்தார்கள், திடீரென்று சத்தம் போட ஆரம்பித்துவிட்டாள். கையை நீட்டி நீட்டிக் கத்துகிறாள். தன் போர்வையை உருவித் தரையில் எறிகிறாள். பாட்டு நின்றுவிட்டது. சாமியார் திரும்பிப் பார்க்கிறார், ஆட்களெல்லாம் மெதுவாகச் சிரிக்கிறார்கள். எனக்கு மானம் போகுது. பக்கத்தில் இருந்த நம்ம ஊர்ச் சிஸ்டர் ஒருத்தியிடம் கேட்டேன், என்ன சொல்லுகிறாள் என்று.

"'என் பிள்ளையைத் தூக்குங்க, தரை குளுந்து கிடக்கு, யாராவது என் பிள்ளையைத் தூக்குங்க'ன்னு சொல்லுறாங்க, அம்மா."

பாரு, மக்கா. கோயிலில் எப்படி இருக்கணும் என்று முறை தெரியாத கிழவி. நான் வாயே திறக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு இருந்த இடத்தில் இருந்தேன். படுத்துக் கிடந்த சிந்தாவின் தோள் மட்டும் குலுங்கிக்கொண்டே இருந்தது. கிழவி கூத்துக்குச் சிரிக்கிறாள் என்று நினைத்தேன். எழுந்தபோது முகமெல்லாம் நனைந்திருந்தது. என்னைக் கட்டிக்கொண்டபோது வராத கண்ணீர்.

சாப்பாட்டில் சூப்பு வைத்தார்கள். ஒரு கரண்டி வாயில் வைத்ததுமே தெரிந்துவிட்டது, என் பாத்தி உப்பு. எனக்குத் தெரியாதா? சிந்தா எல்லாருக்கும் பரிமாறிக்கொண்டு வந்தவள் என் பக்கம் குனிந்து, "உப்பு சரியா இருக்கா, யம்மா?" என்றாள். இருக்கு என்று சொன்னேன். முழுவதும் குடித்து முடித்தேன்.

வந்துவிட்டேன். ரெக்ஸன் போனில் கேட்டான், "வரலியா? சரி விடுங்க." அவனுக்கும் வருத்தம்தான், வெளியே காட்டமாட்டான். அடுத்த மாசம் வந்து பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கான். நான் செவ்வாய்தோறும் உப்போடு கோயிலுக்குப் போகிறேன். இனி வாங்க முடியாது, தெரியும். நித்தியம் என்றால் நித்தியம். இருந்தாலும் ஒரு கை உப்பை அந்தப் படியில் போட்டுவிட்டு வருவேன். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. உபதேசியாருக்கு எரிச்சல், பெருக்குகிறது அவர்தானே.

உன் போன் அடிக்குது பாரு. அண்ணனா? என்ன சொல்லுகிறான்?

வரவில்லையா. டூட்டி மாற்ற முடியலையாக்கும். அடுத்த செவ்வாய் பார்த்துக்கலாம் என்கிறானா.

ம்.

அடுத்த செவ்வாயெல்லாம் வேண்டாம், மக்கா. நேர்ந்துகொண்டு வந்துவிட்டாய், சட்டையும் போட்டுவிட்டாய். இந்தா, கையை நீட்டு. நல்லா நீட்டு, முந்தானையில் முடிந்துகொள். ஒரு கைதான், போதும். கிடத்தின உடனே போட்டுத் தூக்கிவிடு. ஆமாம், நீயேதான். முறை இல்லைதான். யாராவது கேட்டால் இஞ்ஞாசியம்மாள் சொன்னாள் என்று சொல்லு. நான் படிக்குப் பக்கத்தில்தான் நிற்பேன். கண் தெரியாவிட்டாலும் நிற்பேன். நேரம் மட்டும் கடத்திவிடாதே, என்ன? வெளியே போய்விட்டு வருகிறேன் என்றெல்லாம் வேண்டாம்.

ஸ்டாப் வந்துவிட்டது. எழுந்திரு. கம்பி இருக்கு, குனிந்து வா, பிள்ளை தலையில் இடிக்கப்போகுது.